.44 மேக்னத்துக்குக் கைப்பிடி வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, நான் டெக்சஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். போன வருடம் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். .44 மேக்னம், 6 அங்குலக் குழல். பிரேமில், அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்தில், 629-1 என்று பொறித்திருக்கிறது. மெல்லிய மரப் பிடியோடு வந்தது. பத்து தோட்டா சுட்டாலே நடுவிரல் கணு கன்றிப்போகிறது. அதனால் ரப்பர் பிடி ஒன்று வாங்கினேன். அது பொருந்தவே இல்லை, பிரேமின் மூலை வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அப்புறம் பின்பக்கத்தையும் சேர்த்து மூடும் தடித்த ரப்பர் பிடி வாங்கினேன். நடுவிரல் வலி நின்றுவிட்டது. ஆனால் இப்போது கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கிறது. என்னோடு சுடப் பழகும் மனைவிக்கு ட்ரிக்கரே சரியாக எட்டவில்லை. மூன்றாவது முறையும் பணத்தை வீணாக்க மனமில்லை. எதை வாங்குவது? இன்னொன்று: தாத்தாவின் சாய்வு நாற்காலியை ஊரிலிருந்து அப்பா 1990களில் இங்கே கொண்டுவந்தார். அதன் ஈட்டி மரக் கை ஒன்று உடைந்து சும்மா கிடக்கிறது. அதில் பிடி செய்ய முடியுமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது, வலி இடம் மாறியதை நீங்கள் கவனித்து எழுதியதுதான். முதலில் நடுவிரல், பிடியை மாற்றியதும் கட்டைவிரல். சுடும்போது துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும் உதை அப்படியேதான் இருக்கிறது, அது கையில் வந்து இறங்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. பெரிய ரிவால்வர் வாங்கியவர்களில் பலர் ‘எது ரொம்ப மெத்தென்று இருக்கும்’ என்று பார்த்துத்தான் பிடி வாங்குகிறார்கள். நீங்களும் அப்படித்தான் வாங்கியிருக்கிறீர்கள். மென்மையைவிட அளவுதான் முதலில் பார்க்க வேண்டியது. அளவு சரியாக இருந்தால் கெட்டியான மரம்கூட வலிக்காது. அளவு தவறினால் எவ்வளவு ரப்பர் சுற்றினாலும் எங்காவது ஓரிடத்தில் இடிக்கத்தான் செய்யும்.

முதல் ரப்பர் பிடி ஏன் பொருந்தவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ரிவால்வர்களை பிரேமின் அளவை வைத்து எழுத்தால் குறிக்கும். உங்களுடையது பெரிய ‘என்’ (N) பிரேம். நடுத்தரமானவை ‘கே’ (K), ‘எல்’ (L). எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது. பிடிக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தின் அடிப்பகுதி சதுரமா, வட்டமா என்றும் தெரிய வேண்டும். 1980களில் வந்த 629-1 துப்பாக்கிக்கு அடிப்பகுதி சதுரம். 1990களின் நடுவில் கம்பெனி ‘என்’ பிரேம் முழுவதையும் வட்ட அடிக்கு மாற்றியது. இன்று கடையில் ‘629க்கான பிடி’ என்று கேட்டால் பெரும்பாலும் வட்ட அடிக்கானதுதான் கைக்கு வரும். அதைச் சதுரச் சட்டத்தில் மாட்டினால், பின்பக்கத்துக் கீழ் மூலை நீங்கள் பார்த்ததுபோலத் துருத்திக்கொண்டுதான் நிற்கும். வட்டச் சட்டத்தில் சதுர வடிவப் பிடி போட வழி உண்டு, அதற்கென்றே செய்து விற்கிறார்கள். உங்கள் சதுரச் சட்டத்தைச் சிறிதாக்க வழியில்லை. யாராவது ‘மூலையை அரத்தால் ராவிவிடலாம்’ என்று சொன்னால் கேட்காதீர்கள். அது துப்பாக்கியின் உடல். இனி எங்கே வாங்கினாலும் ‘N பிரேம், சதுர அடிப்பகுதி’ என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாடல் எண்ணை மட்டும் சொல்ல வேண்டாம்.

இப்போது நடுவிரல். ‘என்’ பிரேம் 1908இல் .44 ஸ்பெஷல் தோட்டாவுக்காக வந்தது. ஓரளவு சாதுவான தோட்டா அது. 246 கிரெயின் (ஏறத்தாழ 16 கிராம்) ஈயக் குண்டு, வினாடிக்கு ஏறத்தாழ 755 அடி வேகம். அதே அளவு பிரேமில் 1935இல் .357 மேக்னமும், 1955 முடியும் தறுவாயில் .44 மேக்னமும் வந்து சேர்ந்தன. .44 மேக்னம் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் பழைய .44 ஸ்பெஷலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் கை பிடிக்கும் இரும்புச் சட்டத்தின் வடிவம் பெரிதாக மாறவில்லை. உங்கள் துப்பாக்கியோடு வந்தது ‘மேக்னா’ என்று சொல்லப்படும் மெல்லிய பிடியாகத்தான் இருக்க வேண்டும். 1930களில் வந்த வடிவம் அது. சட்டத்தின் மேல்பக்கத் திமில் வரை ஏறி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவட்டையில் உதையைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும். அதன் குறை ஒன்றுதான்: ட்ரிக்கர் கார்டுக்கு, அதாவது ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு, பின்னால் இருக்கும் பள்ளத்தை அது நிரப்பாது. நடுவிரல் அந்தப் பள்ளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுட்டவுடன் துப்பாக்கி பின்னுக்கு வரும்போது கார்டின் பின்விளிம்பு நேராகக் கணுவில் வந்து அடிக்கும். பத்து தோட்டாவில் கன்றிப்போவது இதனால்தான்.

தடித்த ரப்பர் பிடி அந்தப் பள்ளத்தை நிரப்பியது, நடுவிரல் தப்பியது. ஆனால் அது முதுகுப்பட்டையையும், அதாவது சட்டத்தின் பின்விளிம்பையும், மூடியிருக்கிறது. உள்ளங்கைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு அடுக்கு ரப்பர் வந்துவிட்டால் கவட்டையிலிருந்து ட்ரிக்கருக்கு உள்ள தூரம் அவ்வளவும் கூடிவிடும். விரல் எட்டாதபோது நாம் என்ன செய்கிறோம்? நம்மை அறியாமலே உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கிறோம். அப்போது துப்பாக்கியின் முதுகு கவட்டையில் உட்காராமல் கட்டைவிரலின் அடிமூட்டில் போய் உட்கார்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அந்த எலும்பு மூட்டுதான் அடியை வாங்குகிறது. இதை அசட்டை செய்யாதீர்கள். சதை கன்றினால் நாலு நாளில் சரியாகும். மூட்டு அப்படி இல்லை. வருடக்கணக்கில் பெரிய ரிவால்வர் சுட்டு, இன்று கட்டைவிரலால் ஜாடி மூடியைத் திறக்க முடியாதவர்களை என் பட்டறையில் பார்க்கிறேன். பிடி மாறும் வரை மேக்னம் தோட்டா போடுவதை நிறுத்திவையுங்கள்.

கையை அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம் ரப்பரைக் கழற்றி, பழைய மெல்லிய மரப் பிடியை மாட்டிக்கொள்ளுங்கள். கவட்டை முதுகுப்பட்டையில் முடிந்தவரை மேலே, ஹாமருக்கு (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பின்பக்கச் சுத்தி) இடையூறு இல்லாத இடத்தில் இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் குழலும் முழங்கை வரையுள்ள கையெலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கோடு கலையாமல் ஆட்காட்டி விரலை ட்ரிக்கரில் வையுங்கள். ஹாமரை இழுக்காமல் ட்ரிக்கரை மட்டும் முழுதாக இழுத்துச் சுடும் முறையில், அதாவது டபுள் ஆக்‌ஷனில், விரலின் முதல் மூட்டு மடிப்பு ட்ரிக்கரில் படிந்தால் நல்லது. விரல் நுனிச் சதை மட்டும் பட்டால் எட்டவில்லை என்று பொருள். ஹாமரை இழுத்துவைத்துச் சுடும்போது விரல் நுனிச் சதை பட்டாலே போதும், ட்ரிக்கர் அப்போது பின்னால் வந்திருக்கும்.

இதை நீங்களும் செய்து பாருங்கள், உங்கள் மனைவியையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மெல்லிய பிடியில் கிடைக்கும் தூரம்தான் இந்தத் துப்பாக்கியில் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த தூரம். உள்ளங்கை இரும்பையே தொடுகிறது, அதற்குமேல் குறைக்க இடமில்லை. அதிலும் அவருக்கு எட்டவில்லை என்றால், உலகத்தில் எந்தப் பிடியும் எட்டவைக்காது. அவர் ஹாமரை இழுத்துவைத்துச் சுடலாம், இல்லையென்றால் அவருக்கு ‘கே’ அல்லது ‘எல்’ பிரேமில் ஒன்று பார்க்கலாம். இதை முன்னாலேயே தெரிந்துகொண்டால் அவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்ள மாட்டார்.

எட்டுகிறது என்றால், நான் சொல்வது இரண்டு பிடி. ஒரே பிடியில் இருவரையும் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். ஒருவருக்கு அளவாக இருப்பது மற்றவருக்குக் கொஞ்சமாவது தவறாகத்தான் இருக்கும். பிடி மாற்றுவது இரண்டு நிமிட வேலை, குறிபார்க்கும் சைட்டை அது தொடுவதே இல்லை.

உங்கள் மனைவிக்கு: அந்தப் பழைய மரப் பிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதோடு ஒரு சிறு உலோகத் துண்டு சேர்த்தால் போதும். டைலர் டி-கிரிப் என்று பெயர் பெற்றது அது. பிடியின் இரண்டு பலகைகளுக்கும் இடையில் அதன் காதுகளைச் செருகி மாட்டினால், கார்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை மட்டும் நிரப்பும். முதுகுப்பட்டையை அது தொடாது, ஆகவே தூரம் ஒரு மயிரிழைகூட அதிகமாகாது. அதே வடிவில் இன்றும் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போது ‘என்’ பிரேமுக்கானதா என்று பாருங்கள். ஒவ்வொரு பிரேமுக்கும் அளவு வேறு. நடுவிரல் வலிக்கு நான் முதலில் கொடுக்கும் மருந்து எப்போதும் இதுதான். புதுப் பிடியின் விலையில் ஒரு பங்கில் முடிந்துவிடும்.

உங்களுக்கு: முதுகுப்பட்டையைத் திறந்தே விட்டு, பள்ளத்தை நிரப்பும் ரப்பர் பிடி. ஹோக் கம்பெனியின் மோனோகிரிப் இந்த வகை. இரண்டு பலகையாக இல்லாமல் ஒரே துண்டாகக் கீழிருந்து சட்டத்தின் மேல் ஏறும். பிரேமின் அடியில் குறுக்காக ஒரு சின்ன ஊசி இருக்கும். அதில் குதிரை அங்கவடி மாதிரி ஒரு உலோக வளைவை மாட்டி, பிடியின் அடியிலிருந்து ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். பக்கத்தில் ஸ்க்ரூ கிடையாது, ஆட்டமும் இருக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: இதில் விரல் பள்ளங்கள் உண்டு. அவை ஒரு சராசரிக் கையை வைத்துச் செய்தவை. உங்கள் விரல்கள் அந்தப் பள்ளங்களில் விழுந்தால் மிக வசதி. மேடு விரலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் அது குத்தும், வேறு எதையும் நினைக்க விடாது. முடிந்தால் கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். பள்ளம் பொருந்தாவிட்டால் பள்ளம் இல்லாத வகையைத் தேடுங்கள்.

முதுகை மூடும் பிடியே தப்பு என்று நான் சொல்லவில்லை. விரல் நீளமானவர்களுக்கு அது உண்மையிலேயே நிம்மதி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003இல் 500 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது அதற்கு அப்படிப்பட்ட மெத்தைப் பிடிதான் தேவைப்பட்டது. உங்கள் கை அந்தக் கை இல்லை, அவ்வளவுதான். ரூகர் சூப்பர் ரெட்ஹாக் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் துப்பாக்கியில் பிடிக்குள் முழுச் சட்டமே கிடையாது, ஒரு முளை மட்டும்தான். சதுரம், வட்டம் என்ற தொல்லை உங்களுக்கு இல்லை. ஜிபி100க்குச் செய்த பிடிகளும் அதில் ஏறும்.

ரப்பரா மரமா என்பது அளவு தெரிந்த பிறகு வரும் கேள்வி. ரப்பர் வியர்வையிலும் வழுக்காது, உதையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சட்டைக்கு அடியில் வைத்திருந்தால் துணி அதில் ஒட்டிக்கொள்ளும், துப்பாக்கி இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். வழுவழுப்பான மரம் கையில் லேசாக உருளும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் தோல் உரியாது. கட்டம் கட்டமாகச் செதுக்கிய மரம் பார்க்க அழகு, ஆனால் .44 மேக்னத்தில் ஐம்பது தோட்டா சுட்டால் அரத்தைப் பிடித்தது போல இருக்கும்.

ரப்பர் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. உங்கள் ஊர் கடற்கரைப் பக்கம், காற்றிலேயே ஈரம். வியர்வையும் ஈரமும் ரப்பருக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் வெளியே வராது. நீல முலாம் பூசிய பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 28 ரிவால்வர் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. வெளியில் பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. ரப்பரைக் கழற்றினால் பிடிச் சட்டம் முழுக்கத் துரு அரித்துக் குழிகுழியாகக் கிடந்தது. பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது. உங்களுடையது ஸ்டெயின்லெஸ், அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். சட்டத்தில் மெல்லியதாக மெழுகு தடவி வைத்தால் இன்னும் நல்லது.

பிடியை மாட்டும்போது ஸ்க்ரூவின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை எடுங்கள். மரப் பிடியில் ஸ்க்ரூ தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கால் சுற்று என்று இறுக்கித்தான் மரம் பிளக்கிறது. பிடியைக் கழற்றியிருக்கும்போதே முன்பட்டையின், அதாவது சட்டத்தின் முன்விளிம்பின், கீழ்ப்பக்கத்தில் உள்ள ஒரு சின்ன ஸ்க்ரூவைப் பாருங்கள். ஹாமரின் பெரிய ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருப்பது அதுதான். ட்ரிக்கர் இலேசாக இருக்கட்டும் என்று பழைய உரிமையாளர்கள் இதைத் தளர்த்திவிடுவது வழக்கம். அப்படித் தளர்த்தினால் ஹாமர் மெதுவாக விழும், சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகும். பழைய துப்பாக்கி வாங்கிய நீங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது முழுக்க இறுகியிருக்க வேண்டும்.

மாட்டியதும் இன்னொரு சோதனை. போலித் தோட்டா ஆறு போட்டு, சிலிண்டரைத் திறந்து, குழல் மேலே பார்த்திருக்க, சிலிண்டரின் முன்னால் உள்ள கம்பியை அழுத்தி அவற்றை வெளியே தள்ளிப் பாருங்கள். பிடியின் இடது பக்கம் தடிமனாக இருந்தால், பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டாவின் உறை அதில் இடித்து நின்றுவிடும். ஆறு தோட்டாவையும் ஒரே முறையில் நிரப்பும் ஸ்பீடுலோடர் பயன்படுத்தினால் அதையும் வைத்துப் பாருங்கள். இடித்தால், மரமாக இருந்தால் அந்த இடத்தைக் கொஞ்சம் இழைத்துவிடலாம். ரப்பராக இருந்தால் வேறு வாங்குவதுதான் வழி. துப்பாக்கி உறையிலும் ஒருமுறை செருகிப் பாருங்கள். தடித்த பிடி சில உறைகளின் வாரில் முட்டும்.

அப்புறம் தோட்டா. உங்கள் துப்பாக்கியில் .44 ஸ்பெஷலும் போடலாம், அதன் உறை கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். மனைவி பழகுவதற்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஏறத்தாழ 1.3 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் அது தட்டிக்கொடுப்பது போலத்தான் இருக்கும். புதுப் பிடியை நீங்கள் சோதிப்பதும் அதில் தொடங்கட்டும். முதல் நாளே மேக்னம் போட்டால், அடுத்த அடிக்குப் பயந்து கை குறுகும், பிடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. குட்டை உறை சுட்ட பிறகு அறைகளின் முன்பக்கத்தில் கரி வளையம் படியும். பிரஷ் போட்டுத் துடைக்காமல் விட்டால் பிறகு மேக்னம் தோட்டா உள்ளே போக மறுக்கும்.

இனி தாத்தாவின் நாற்காலி. செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் நாம் சொல்லும் மரம் பிடிக்கு மிகப் பொருத்தமானது. கெட்டி, கனம், எண்ணெய்ப் பசை உள்ளது, வியர்வைக்கு அசையாது. அத்தனை வருடம் வீட்டுக்குள் காய்ந்த மரம் இனி முறுக்கவும் செய்யாது. இன்று ஊரிலிருந்து ஈட்டிப் பலகை வரவழைப்பது சுலபமில்லை. 2017 முதல் அந்த இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்ட அனுமதி கேட்பார்கள். உங்களுடையது அதற்கெல்லாம் முன்பே வந்துசேர்ந்து வீட்டில் இருக்கிறது. அதைப் பத்திரமாக வையுங்கள்.

நாற்காலிக் கையின் தடிமனை அளந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கப் பலகைக்கும் முக்கால் அங்குலமாவது கிடைக்க வேண்டும், உள்ளங்கைப் பக்கம் லேசான புடைப்பு வர அவ்வளவு தேவை. மரத்தின் ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கீழ்நுனி உடைந்துவிடும். ஆணித் துளையோ பழைய விரிசலோ இருக்கும் பகுதியை ஒதுக்கிவிடுங்கள். உட்பக்கம் சட்டத்தோடு படிய, இரும்பில் லிப்ஸ்டிக்கை மெல்லியதாகத் தடவி, பலகையை அழுத்தி எடுத்து, சிவப்பு ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, ஒரு பலகைக்கு ஒரு நாள்கூட ஆகும். அந்த மரத்தூள் சிலருக்குத் தோலையும் மூச்சையும் படுத்தும், முகமூடி போடாமல் தேய்க்காதீர்கள்.

ஆனால் இப்போதே ரம்பத்தை எடுக்க வேண்டாம். இருப்பது ஒரே ஒரு நாற்காலிக் கை. மோனோகிரிப்போடு இரண்டு மூன்று மாதம் சுடுங்கள். எந்த இடத்தில் உறுத்துகிறது, எங்கே இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறதோ, அதைப் பென்சிலால் பிடியிலேயே குறித்துவையுங்கள். அந்த வடிவத்தை முதலில் ஒரு பைன் கட்டையில் செதுக்கி மாட்டி, காலித் துப்பாக்கியோடு உங்கள் கையிலும் மனைவி கையிலும் பிடித்துப் பாருங்கள். பைன் கட்டை சரியென்று பட்டதும் அதையும் நாற்காலிக் கையையும் ஒன்றாக எடுத்து உங்கள் ஊர்ப் பட்டறைக்காரரிடம் போங்கள். பைனைப் பார்த்து அப்படியே ஈட்டியில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், மிச்ச மரத்தையும் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மனைவிக்கும் ஒரு ஜோடி செதுக்க அதில் மரம் மிஞ்சலாம்.